பொ. சண்பகவடிவு, சாத்தூர்

பொன்னுலிங்கம் 'திரையோலை' சினிமாப் பத்திரிகைக்கு எழுதிய கடிதங்கள் மொத்தம் முப்பத்து நான்கு. பதினொன்று அவர் பெயரில் போயின, ஒன்றுகூட அச்சேறவில்லை. மிச்சம் இருபத்து மூன்றும் மனைவி சண்பகவடிவின் பெயரில் போயின, பத்தொன்பது அச்சேறின. எது எந்தத் தேதியில் தபாலில் சேர்ந்தது, எந்த இதழில் வந்தது, எந்த வரியை ஆசிரியர் வெட்டினார் என்பதெல்லாம் ஒரு நீளநோட்டில் இருந்தது. கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக முப்பத்தொரு வருஷம் இருந்தவர். அளந்ததை அப்போதே எழுதிவைக்காவிட்டால் அது அளக்காததற்குச் சமம் என்பது அவர் கட்சி.

பெண்கள் எழுதினால் 'திரையோலை'யில் உடனே போடுவார்கள் என்று சொல்லிக்கொடுத்தவர் நண்பர் ரத்தினசபாபதி. பெயரை மட்டும் மாற்றினால் போதாது, கையெழுத்தை வைத்தே ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார் என்று யோசித்தவர் பொன்னுலிங்கம். ஆகவே அவர் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே சொல்வார். சண்பகவடிவு அடுக்களை வாசலில் உட்கார்ந்து, முழங்காலில் பரீட்சை அட்டையை வைத்துக்கொண்டு எழுதுவாள். 'ஒன்று' என்று ஆரம்பித்து அவர் ஒரு குறிப்பைச் சொல்லி முடித்ததும் தலையைத் தூக்காமலே கேட்பாள்: "எழுதிட்டேன். அப்புறம்?"

இருபத்து மூன்று கடிதங்களும் ஒரே படத்தைப் பற்றியவை. 'தூரக்கரை' முதல் பாகம், நான்கு வருஷம் கழித்து வந்த இரண்டாம் பாகம். கதை சின்னதுதான். ஒருவன் விண்கலத்தில் ஏறி வேறொரு கோளுக்குப் போகிறான். அவன் மனைவி பூமியில் ஒரு வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அவன் பேசுவதைக் கேட்கிறாள். இரண்டாம் பாகத்தின் கடைசிக் காட்சியில் அவன் அங்கிருந்து, "நான் திரும்பி வரட்டுமா?" என்று கேட்பான். அவள் வாயைத் திறப்பாள். அதோடு விளக்கைப் போட்டுவிடுவார்கள். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அந்த மழைக்காலம் முழுக்க டீக்கடைக்கு டீக்கடை சண்டை நடந்தது.

மூன்றாம் பாகம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்றார்கள். தயாரிப்பாளர் இறந்தார். 'திரையோலை' நின்றுபோனது. சாத்தூரில் படம் ஓடிய கொட்டகை கல்யாண மண்டபமாகி, அப்புறம் டயர் கிடங்காகியது. முப்பத்தாறு வருஷம் போயிற்று. சண்பகவடிவு போயே ஆறு வருஷம்.

இந்த ஆடியில் மூன்றாம் பாகத்தை எடுத்தே முடித்துவிட்டார்கள். ஆவணியில் சாத்தூர் முகவரிக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. 'திருமதி பொ. சண்பகவடிவு அவர்களின் வாரிசுக்கு' என்று இருந்தது.

கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டுப் பொன்னுலிங்கம் ரத்தினசபாபதிக்குப் போன் போட்டார்.

"திரையோலை ஆபீஸ்ல கிடந்த பழைய கடிதம் எல்லாத்தையும் இந்த மூணாம் பாகம் எடுத்த கம்பெனி வாங்கியிருக்கு. ஒவ்வொருத்தர் எழுதுனதையும் வச்சு அந்த ஆளோட ரசனையை அப்படியே வார்த்து எடுத்திருக்காங்களாம். ரசிக அச்சுன்னு பேரு. புதுப்படத்தை அதுக்குப் போட்டுக் காட்டினா, அந்த ஆள் பாத்தா என்ன சொல்வாரோ அதைச் சொல்லுமாம்."

"செத்தவங்களுக்குப் படம் போடுறாங்களா? நல்லாத்தான் இருக்கு. நடுவுல முறுக்கு விக்க யாரு வருவா?"

"விளையாடாத. வடிவோட அச்சு இருக்குதாம். அவ கையெழுத்துலயே எழுதிக் காட்டுமாம். நான் போய்க் கையெழுத்துப் போட்டாத்தான் கம்பெனி அதைப் பயன்படுத்தலாம். போட்டா மாசம் ஒரு மணி நேரம் நான் போய் அதுகூட உக்காந்திருக்கலாம்."

ரத்தினசபாபதியின் குரல் தணிந்தது.

"லிங்கம், அதெல்லாம் நீ சொன்னதுதானடா. அது உன் பேச்சைத்தானே பேசும். உன் பேச்சை நீயே கேக்கச் சென்னை வரைக்கும் போகணுமா?"

"கையெழுத்து அவளோடதுல்லா."

"உண்மையைச் சொல்லிருவியா?"

"சொன்னா அழிச்சிருவாங்க. தன் பேர்ல தானே எழுதுனவங்க அச்சை மட்டுந்தான் வச்சிருக்கலாம்னு சட்டமாம்."

"மதினி அந்தப் படத்தைப் பாத்தாகளா மொதல்ல? நாம ரெண்டு பேரும்ல போனோம்."

"அதுக்கப்புறம் அவளைக் கூட்டிட்டுப் போனேன்" என்றார் பொன்னுலிங்கம் சற்று எரிச்சலாக. "நாலு தடவை பாத்திருக்கா."

போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்துச் சரிபார்த்தார். மூன்றாம் கடிதம், இரண்டாம் வரி: 'நான் இப்படத்தை நான்கு முறை பார்த்தேன்.' சரியாகத்தான் இருந்தது.

*

வடபழனியில் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது அந்தக் கொட்டகை. பன்னிரண்டு நாற்காலிகள். பெரிய திரைக்கு இடப்பக்கம் ஆள் உயரத்துக்கு இன்னொரு திரை. அதைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். ஆக்னஸ் என்று பெயர் சொன்னாள். தூத்துக்குடிப் பேச்சு சென்னையில் பாதி கரைந்திருந்தது. காப்பி வாங்கிக் கொடுத்து, படிவத்தையும் பேனாவையும் அவர் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

"பாத்துட்டுப் போடுங்க சார். அவசரமில்லை. ஆனா இன்னைக்குள்ள போட்டாகணும். மொத்தம் நாப்பது அச்சு. முப்பத்தொன்பது பேர் பாத்து முடிச்சாச்சு. அம்மாதான் கடைசி."

"இப்ப உயிரோட இருக்கறவங்களுக்குப் போட்டுக் காட்டிக் கேட்டா என்னம்மா?"

"கேட்டோம் சார். இன்னைக்கு ஒண்ணு சொல்றாங்க, நாளைக்கு ஒண்ணு சொல்றாங்க. பக்கத்துல இருக்கறவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்றாங்க. இறந்தவங்கதான் சார் மாத்திப் பேச மாட்டாங்க." சொல்லிவிட்டு அவளே சங்கடப்பட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க. ஆபீஸ்ல அம்மாவுக்குக் கணக்கு டீச்சர்னு பேரு. ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டுத்தான் பேசுவாங்க."

பொன்னுலிங்கம் காப்பியைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

"முதல் ரெண்டு பாகமும் அவங்களுக்குப் போடலை. நாலு தடவை பாத்தவங்கதானே. நேரா மூணாவது."

விளக்கு அணைந்தது. படம் தொடங்கி ஐந்தாவது நிமிடம், வயதான நாயகனின் கலம் ஒரு தரிசுக் கோளிலிருந்து எழும்பியது. இடப்பக்கத் திரையில் நீல மையில் எழுத்துகள் ஓடின.

உருண்டை எழுத்து. புள்ளிகளைப் புள்ளியாக வைக்காமல் குட்டி வட்டமாகப் போடுவது. 'ழ'வின் வாலை அடுத்த வரி வரைக்கும் இழுத்துவிடுவது. பொன்னுலிங்கம் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

'1. காற்றில்லாத இடத்தில் தீச்சுடர் இப்படி மேல்நோக்கி வளையாது.
2. முதல் பாகத்தில் கலத்தின் கதவு இடப்பக்கம் திறந்தது. இப்போது வலப்பக்கம் திறக்கிறது.'

அரை நொடிக்கு முன் அவர் மனதில் ஓடியது அதே இரண்டு குறிப்புகள், அதே வரிசையில். ரத்தினசபாபதி சொன்னது சரி. அது அவர்தான், வடிவின் கையெழுத்துக்குள் உட்கார்ந்துகொண்டு. வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. யார் பேச்சாக இருந்தால் என்ன, மாதம் ஒரு மணி நேரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று தோன்றியது. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

படத்தில் காட்சி மாறியது. முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கடைசி நிமிடம் திரும்ப வந்தது. வானொலிப் பெட்டிக்கு முன்னால் அந்தப் பெண். "நான் திரும்பி வரட்டுமா?" என்ற குரல். அவள் வாயைத் திறந்தாள். இந்தத் தடவை விளக்கைப் போடவில்லை.

"உங்க இஷ்டம்" என்றாள் அவள்.

பொன்னுலிங்கத்துக்குப் பொசுக்கென்று போய்விட்டது. இதற்காகவா முப்பத்தாறு வருஷம். ஒரு மனுஷன் அண்டவெளியில் நின்று கேட்கிறான், அதற்கு இது ஒரு பதிலா. மூன்றாவது குறிப்பாக இதைத்தான் அது எழுதப்போகிறது என்று காத்திருந்தார்.

நீல எழுத்து ஓடியது. எண் இல்லை.

'பி.கு.: இவள்தானா அது? மூக்குத்தி போட்டிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. ஆனால் இதைத்தான் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.'

ஆக்னஸ் படத்தை அப்படியே நிறுத்தினாள். எழுந்து இடப்பக்கத் திரைக்கு அருகில் போய் நின்று இன்னொரு முறை வாசித்தாள்.

"சார், முப்பத்தொன்பது பேரும் இந்த வரியைத்தான் திட்டினாங்க. ஒருத்தர் நாற்காலியை உடைப்பேன்னு எழுதினார். 'சீக்கிரம் வாங்க'ன்னு மாத்தச் சொல்லிக் கம்பெனி டைரக்டரை நெருக்குது. ஒரே ஒரு பழைய ரசிகர் ஒத்துக்கிட்டாப் போதும், நான் சண்டை போட்டு வச்சுக்கறேன்னு அவர் சொல்லிட்டிருக்கார். அம்மா ஒத்துக்கிட்டாங்க." திரும்பி அவரைப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு புரியலை. அந்தப் பொண்ணு எந்தப் பாகத்துலயும் மூக்குத்தி போடலையே. நாலு தடவை பாத்தவங்களுக்கு அது தெரியாதா?"

"இதை நான் சொல்லலை" என்றார் பொன்னுலிங்கம்.

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப விழுங்க முடியவில்லை.

"என்ன சார்?"

அவர் சொன்னார். பதினொரு கடிதம், ரத்தினசபாபதியின் யோசனை, பரீட்சை அட்டை, நடந்துகொண்டே சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாக, ஒன்றையும் விடாமல். முடித்ததும் ஆக்னஸ் கேட்டாள்:

"எழுதினதை நீங்க திரும்பப் படிச்சுப் பாக்க மாட்டீங்களா?"

"வாசிச்சுக் காட்டச் சொல்வேன். பேரு, ஊர் வரைக்கும் வாசிப்பா. மளிகைக்கடைக்குப் போறப்ப அவளே தபால்ல போட்டுருவா."

"கடிதத்தை எல்லாம் மெஷின்தான் சார் படிச்சது, நாங்க யாரும் படிக்கலை" என்றபடி ஆக்னஸ் ஏதோ தட்டினாள். இடப்பக்கத் திரையில் பழைய கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்தன, மடிப்புத் தடத்தோடு. அவர் சொன்ன குறிப்புகள். அதன் கீழே, 'பொ. சண்பகவடிவு, சாத்தூர்.' அதற்கும் கீழே, தாளின் ஓரத்தில் கிடைத்த இடத்தில் நெருக்கி நெருக்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வரிகள். அவற்றின் மேல் ஆசிரியரின் சிவப்புப் பென்சில் குறுக்காகக் கோடு போட்டிருந்தது.

முதல் கடிதத்தில்: 'பி.கு.: மேலே உள்ளது என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல எழுதியது. நான் இன்னும் படம் பார்க்கவில்லை. கூட்டம் குறைந்ததும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.'

மூன்றாவதில்: 'பி.கு.: நான்கு முறை பார்த்தது அவர். பொய் எழுதுகிறோமே என்று உறுத்துகிறது. மன்னிக்கவும்.'

ஆறாவதில்: 'பி.கு.: படத்தை எடுத்துவிட்டார்கள். இரண்டாம் பாகம் வரட்டும் என்கிறார்.'

பதினான்கில்: 'பி.கு.: இதற்கும் நண்பரோடு போய்விட்டார். வானொலிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்வதில்லை. சுவரொட்டியில் அவள் முகம் சின்னதாக இருக்கிறது. மூக்குத்தி போட்டிருக்கிறாளா?'

கடைசிக் கடிதத்தில் இடம் போதாமல் தாளைத் திருப்பி எழுதியிருந்தாள். 'பி.கு.: "எழுதிட்டேன், அப்புறம்?" என்று கேட்டுக் கேட்டே படம் முழுக்க நானும் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் அவள் என்ன சொன்னாள் என்று மட்டும் தெரியவில்லை. கேட்டால், உனக்குப் புரியாது என்கிறார். தாங்களாவது ஒரு வரி எழுதிப் போட்டால் உதவியாக இருக்கும்.'

பொன்னுலிங்கம் நினைவைத் துழாவினார். கொட்டகை தெரிந்தது, பெஞ்சு தெரிந்தது, மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்டது. பக்கத்து இருக்கையில் ஒவ்வொரு தடவையும் ரத்தினசபாபதி கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார். வடிவை அந்த இருக்கையில் உட்காரவைத்துப் பார்க்க முயன்றார். உட்காரவில்லை. அவள் வந்ததே இல்லை. தான் சொல்லி எழுதவைத்த பொய்யைத் தன் நோட்டிலேயே படித்துப் படித்து, நாற்பது வருஷத்தில் அதை நடந்ததாகவே ஆக்கிக்கொண்டிருந்தார்.

"சார்" என்றாள் ஆக்னஸ் தணிந்த குரலில். "நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழலை. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. மாசாமாசம் வாங்க. அந்த வரியும் படத்துல நிக்கும்."

பேனா கையிலேயே இருந்தது. அவர் படிவத்தைப் பார்த்தார். அப்புறம் இடப்பக்கத் திரையில் முதலில் ஓடிய இரண்டு குறிப்புகளையும் நினைத்துப் பார்த்தார். தீச்சுடர், கதவு. மாதம் ஒரு மணி நேரம் இது வரும். அவர் மண்டைக்குள் இருப்பதையெல்லாம் அவள் கையால் எழுதிக்கொண்டே இருக்கும். இடம் மிஞ்சினால் ஓரத்தில் இரண்டு வரி அவளுடையது.

"என்னை அதுல இருந்து எடுத்துர முடியுமாம்மா?"

"முடியும். ஆனா எடுத்துட்டா என்ன இருக்கும் சார்? இருபத்து மூணு பின்குறிப்பு. அதை வச்சு ஒரு ஆள் நிக்காது. பிரிச்சாலே ரெண்டு பேர் எழுதுனதுன்னு பதிவாயிரும். சாயங்காலம் ஆறு மணிக்கு மிச்சத்தையும் அழிச்சாகணும். அந்த வரியையும் வெட்டிருவாங்க."

"மணி இப்ப என்ன?"

"பன்னெண்டாகப் போகுது."

"முதல் ரெண்டு பாகமும் உங்ககிட்ட இருக்கா?"

ஆக்னஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி மூடி போட்டாள்.

*

அன்று சாத்தூர் பொன்னுலிங்கம் தன் மனைவியைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனார். இடப்பக்கத் திரைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முதல் பாகம் இரண்டே முக்கால் மணி நேரம். அவர் தீச்சுடரைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை. வானொலிப் பெட்டிக்கு முன்னால் இருந்த பெண்ணையே பார்த்தார். படம் முழுக்க அவள் எழுந்திருக்கவே இல்லை என்பதை ஐந்தாவது தடவை பார்க்கும்போதுதான் கவனித்தார்.

இடப்பக்கத் திரை வெறுமையாக இருந்தது. ஒரு எழுத்தும் வரவில்லை. இடைவேளை விடாமல் இரண்டாம் பாகத்தைப் போட்டார்கள். ஆக்னஸ் வெளியே போய் ஒரு பொட்டலம் கடலை வாங்கிவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்; அது பிரிக்கப்படாமலே கிடந்தது.

ஆறு மணிக்குப் பதினைந்து நிமிடம் இருக்கையில், "நான் திரும்பி வரட்டுமா?" என்று கேட்டது குரல். பெண் வாயைத் திறந்தாள். அதற்கு மேல் மூன்றாம் பாகத்திலிருந்து அந்த ஒரு வரியை ஆக்னஸ் ஒட்டியிருந்தாள். "உங்க இஷ்டம்." விளக்கு எரிந்தது.

பொன்னுலிங்கம் இடப்பக்கம் திரும்பிக் காத்திருந்தார். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். வெறும் வெள்ளை.

"பிடிக்கலையோ" என்றார்.

"அப்படியில்லை சார்" என்றாள் ஆக்னஸ். "இப்ப அதுல இருக்கறது பின்குறிப்பு மட்டுந்தான். மேலே ஒரு கடிதம் இருந்தாத்தானே பின்குறிப்பு வரும். முதல்ல யாராவது எழுதணும்."

தட்டச்சுப் பலகையை இழுத்து அவர் மடியில் வைத்தாள்.

"நீங்க அடிச்சா அதுக்குப் போகும். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

அவருக்குப் பழக்கம் ஒன்றுதான். 'மதிப்பிற்குரிய' என்று தொடங்கி, அழித்தார். 'வடிவு' என்று அடித்தார். அடுத்த வரிக்குப் போய் '1' என்று அடித்துப் புள்ளி வைத்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார்.

'1. கூட்டம் குறைந்த பிறகும் நான் உன்னைக் கூட்டிப்போகவில்லை.'

இடப்பக்கத் திரையில் நீல மை அசைந்தது. குட்டி வட்டப் புள்ளிகளோடு, அவசரமில்லாமல், ஓடி நின்றது.

'எழுதிட்டேன். அப்புறம்?'

ஆக்னஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

பொன்னுலிங்கம் இரண்டு என்று அடித்தார். புள்ளி வைத்தார்.